'மற்றும் குழுவினர்' என்பவர்களுக்குப் பெயர் இல்லையா?

ஓசூர். காலை 6 மணி.

சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் ரோட்டோரம் வரிசையாக நிற்கின்றன. அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் போகிற பஸ்களில் இடம் பிடிக்க ஒரே தள்ளுமுள்ளு. ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறார்கள். மீதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள்.

காதில் ஓடுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் உண்டு. எங்கோ ஒருவர் காதில் மட்டும் வேறு சரக்கு ஓடுகிறது. சாக்சபோன் ஊதுகிறது. அதன் மேல் ஒரு பெண் குரல் சரிகம பாடுகிறது. நடுவில் மிருதங்கம் வந்து விழுகிறது. செல்போனில் பார்த்தால் ஒரு பாட்டுக்கு மூன்று பெயர், நான்கு பெயர்.

இதுதான் இன்றைய ஜாஸ் ஆல்பம். வாசிப்பவர் ஒருவர். பாட வருகிறவர் வேறு ஒருவர். அவர் வேறு நாட்டுக்காரர், வேறு சங்கீதம் படித்தவர். வெளிநாட்டில் அவர் பெயருக்கு முன்னால் 'ஃபீச்சரிங்' என்று போடுகிறார்கள். தமிழில் சொன்னால், விருந்தாளி.

விருந்தாளியில் இரண்டு வகை உண்டு. பக்கத்து இலையில் உட்காரவைத்துப் பரிமாறப்படுகிறவர் ஒரு வகை. போட்டோ எடுத்து முடிந்ததும் வாசலோடு அனுப்பப்படுகிறவர் இன்னொரு வகை. இசையிலும் இதே வழக்குத்தான். சேர்ந்து பாடுவது நல்லதுதான். ஆனால் சேர்ந்தவர்களுக்குச் சம இடம் கிடைத்ததா, பெயர் போட்டார்களா, காசு போய்ச் சேர்ந்ததா? கேள்வி அதுதான்.

ஜாஸ் என்பது என்ன?

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு துறைமுகப் பட்டணம். 1900-ஐ ஒட்டிய வருடங்களில் அங்கே வாழ்ந்த கருப்பின மக்கள் வளர்த்த இசை இது. பாண்டு வாத்தியம், சர்ச் பாட்டு, தோட்டத்தில் உழைத்தவர்களின் பாட்டு, ஆப்பிரிக்கத் தாளம் எல்லாம் அதில் கலந்தன. பிறக்கும்போதே அது கலப்பு இசை.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ஜாஸ் அவ்வளவு தூரம் இல்லை. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஆளுக்கு ஆள் அந்த மெட்டை வைத்து மனம் போனபடி கற்பனை செய்வார்கள். கடைசியில் பழைய மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவி, ஸ்வரம், தனி ஆவர்த்தனம் என்று மேடையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். எழுதி வைத்ததை ஒப்பிப்பவருக்கு இரண்டு இடத்திலும் மதிப்பு குறைவு.

அதனால்தான் இந்த இரண்டும் சுலபமாகச் சிநேகம் ஆயின.

எல்லை ஊருக்குப் புதிதா?

"நம்ம ஊருக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை 1980-களில் வந்தது. அந்தக் கடிகாரத்தின் டி.வி. விளம்பர இசையைக் கேட்காத வீடு இல்லை. அது மொசார்ட் 1773-ல் எழுதிய 25-வது சிம்பனியிலிருந்து எடுத்தது. ஆஸ்திரியாவில் 17 வயதுப் பையன் எழுதிய மெட்டு, ஓசூரில் தயாரான கடிகாரத்தை இந்தியா முழுக்க விற்றுக் கொடுத்தது. மெட்டு எல்லோருக்கும் தெரியும். போட்டவர் பெயர்? கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள்.

இன்னொன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. 1966-ம் வருடம் அக்டோபர் 23-ந் தேதி நியூயார்க்கில் ஐ.நா. சபையில் எம்.எஸ்.சுப்புலட்சுமி கச்சேரி செய்தார். அங்கே அவர் ஓர் ஆங்கிலப் பிரார்த்தனைப் பாட்டும் பாடினார். எழுதியவர் ராஜாஜி. மேற்கத்திய முறையில் மெட்டுப் போட்டவர் சென்னை இசைக் கலைஞர் ஹேண்டல் மானுவேல்.

தொரப்பள்ளிக்காரர் வார்த்தை, மதுரையில் பிறந்தவர் குரல், மேற்கத்திய மெட்டு! இதைவிடப் பெரிய கூட்டு எது? எம்.எஸ். பெயர் உலகத்துக்குத் தெரியும். ராஜாஜி பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஹேண்டல் மானுவேல் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

மெட்டு நிற்கிறது, பேர் போச்சு. கூட்டு இசையின் பழைய வியாதி இது.

40 கிலோமீட்டரில் ஒரு பாடம்

இந்த வியாதிக்கு மருந்தும் பக்கத்திலேயே இருந்தது. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். அங்கே மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ்.மணி, கர்நாடகா காலேஜ் ஆப் பெர்குஷன் என்ற தாளவாத்தியப் பள்ளியை நடத்தினார். அவர் மனைவி ஆர்.ஏ.ராமமணி பாடகி.

அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ இவர்களோடு சேர்ந்தார். பாஸ்டன் நகரத்துக்காரர். ஜாஸ் உலகில் அப்போதே பெயர் பெற்றவர். மலேசியாவில் நாகசுரத்தைக் கேட்டு மயங்கி அதைக் கற்றுக்கொண்டவர். 1970-களில் இந்தியாவுக்கே வந்து பயின்றார். ஊதத் தெரிந்த மனுஷன், மறுபடியும் மாணவனாக உட்கார்ந்தார்.

1983-ல் ஜெர்மனியில் 'ஜோதி' என்ற இசைத்தட்டு பதிவானது. மரியானோ பெயரோடு பெங்களூர்க் குழுவின் பெயரும், பாடகி ராமமணி பெயரும் அதில் வந்தன. மிருதங்கம் மணி. கடம், முகர்சிங் ஆர்.ஏ.ராஜகோபால். கஞ்சிரா டி.என்.சசிகுமார். எல்லோர் பெயரும் அச்சில் இருக்கிறது. 40 வருடம் கழித்துத் தேடினாலும் யார் வாசித்தார்கள் என்று சொல்ல முடிகிறது.

'மற்றும் குழுவினர்' என்று ஒரு வரியில் முடித்திருந்தால் இவர்கள் கதி என்ன?

விருந்தாளி வீட்டுக்காரர் ஆனார்!

'சக்தி' குழுவின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது.

இங்கிலாந்து கிடார் கலைஞர் ஜான் மெக்லாலின், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தமிழ் வித்வான் எஸ்.ராமநாதனிடம் வீணை பயின்றார். பிறகுதான் சக்தி பிறந்தது. வயலின் எல்.சங்கர், தபேலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராம்நாட் ராகவன், கடம் விக்கு விநாயக்ராம். 1975 ஜூலையில் நியூயார்க் மாகாணத்தில் நடந்த கச்சேரி, மறுவருடம் முதல் இசைத்தட்டாக வந்தது. அப்போது குழுவில் தனிப் பாடகர் கிடையாது.

1970-களின் கடைசியில் குழு கலைந்தது. 1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மீண்டும் கூடியது. மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் இருவரும் சேர்ந்தார்கள். 2001-ல் இவர்களுடைய பம்பாய்க் கச்சேரி ஆல்பம் வெளிவந்தது. அதில் ஒரு பந்தியே போட்டார்கள். சந்தூர் சிவ்குமார் சர்மா வந்தார். டிரம்ஸ் சிவமணி வந்தார். தவிலோடு அரித்துவாரமங்கலம் ஏ.கே.பழனிவேல் வந்தார். பாடுவதற்குச் சங்கர் மகாதேவன் வந்தார்.

வந்த விருந்தாளி திரும்பிப் போகவில்லை. சங்கர் மகாதேவன் குழுவிலேயே ஒருவர் ஆனார்.

2023 ஜூனில் சக்தியின் 'திஸ் மொமென்ட்' வெளிவந்தது. 1977-க்குப் பிறகு அந்தப் பெயரில் ஸ்டுடியோவில் செய்த முதல் ஆல்பம் அதுதான். மெக்லாலின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் ஆகிய ஐந்து பேரும் அதன் சொந்தக்காரர்கள். 2024 பிப்ரவரி 4-ந் தேதி லாஸ் ஏஞ்சல்சில் அதற்குக் கிராமி பரிசு கிடைத்தது.

2014-ல் 45 வயதிலேயே காலமான ஸ்ரீனிவாசையும் அவர்கள் மறக்கவில்லை. ஆல்பத்தில் ஒரு உருப்படிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பரிசு வாங்கிய அதே வருடம் டிசம்பர் 15-ந் தேதி ஜாகிர் உசேனும் மறைந்தார். ஆள் போனாலும் பேர் இருக்கிறது. யாரும் அவரை 'தபேலா மற்றும் குழுவினர்' என்று எழுதப் போவதில்லை.

பெண் குரல்கள்

இந்தப் பாதையில் இன்று பெண்கள் வேகமாகப் போகிறார்கள்.

கானவ்யா, நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2016-ல் கியூபா நாட்டுப் பியானோ கலைஞர் ஆல்பிரடோ ரோட்ரிகஸ் வெளியிட்ட ஆல்பத்தில் விருந்தாளியாகப் பாடினார். அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் பெரும் புள்ளியான குயின்சி ஜோன்ஸ். 2018-ல் சொந்த ஆல்பம் போட்டார். அமெரிக்காவின் பழைய ஜாஸ் பாட்டுகளைத் தமிழில் பாடினார். ஆம், தமிழில்!

2021-ல் எஸ்பெரான்சா ஸ்பால்டிங் என்ற அமெரிக்கக் கலைஞரின் ஆல்பத்தில் ஒரு பாட்டில் கானவ்யா பெயர் வந்தது. 2024-ல் நிலைமை தலைகீழ். கானவ்யா தம் பெயரிலேயே போட்ட ஆல்பத்துக்கு ஸ்பால்டிங் விருந்தாளியாக வந்தார். பியானோ கலைஞர் விஜய் ஐயரும் வந்தார். அழைக்கப்பட்டவர் அழைப்பவர் ஆகிவிட்டார்.

பெங்களூர் வாரிஜாஸ்ரீ வேணுகோபால் கதையும் இப்படித்தான். ஜான் கோல்ட்ரேன் 1960-ல் வெளியிட்ட 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்' என்றால் சாக்சபோன்காரர்களே பயப்படுவார்கள். அவ்வளவு வேகம். அதை இவர் ஸ்வரம் போட்டு வாயால் பாடிக் காட்டினார். 2024-ல் ஆங்கிலேய இளைஞர் ஜேக்கப் கோலியரின் ஆல்பத்தில் அனுஷ்கா சங்கரோடு விருந்தாளி. அதே வருடம் தம் பெயரில் சொந்த ஆல்பம். இப்போது அனுஷ்கா சங்கர் இவருக்கு விருந்தாளி!

இவர்கள் யாரும் ஒரு மணி நேரத்துக்கு வந்து ஆலாபனை பாடிவிட்டுப் போனவர்கள் அல்ல. எதிராளியின் இசையைப் படித்துவிட்டு வந்தவர்கள். அதனால் அங்கே இடம் கிடைத்தது.

எதிர்ப்பு சரியா?

இந்தக் கலப்பை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. "சாம்பாரில் ஐஸ்கிரீமைப் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும்" என்பது அவர்கள் கட்சி.

அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு டிரம்ஸ், ஒரு கீபோர்டு, நடுவில் நாலு வரி ராகம், மேலே "ஃப்யூஷன்" என்று ஒரு லேபிள். இப்படி ஒட்டுப் போட்ட சரக்கு நிறைய வருகிறது. பாடினவர் யார் வாசித்தாரோ தெரியாது. வாசித்தவர் யார் பாடினாரோ தெரியாது. காசு வாங்கினோமா, போனோமா என்ற கணக்கு. அது ஒட்டாது. ஆறு மாதத்தில் உரிந்துவிடும்.

ஆனால் ஆளுக்கொரு ஊரில் இருந்து பதிவு செய்வதே தப்பு என்றும் சொல்ல முடியாது. 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கே அவரவர் இருந்த ஊரிலிருந்து வாசித்து அனுப்பினார்கள். பல வருடம் ஒரே மேடையில் உட்கார்ந்து பழகியவர்கள் என்பதால் அது முடிந்தது. பழக்கம் முதலில், பதிவு பிறகு.

இதற்கு இன்னொரு சாட்சி கத்ரி கோபால்நாத். மங்களூர் பக்கத்துக்காரர். தந்தை நாகசுர வித்வான். மைசூர் அரண்மனை பாண்டில் சாக்சபோனைக் கேட்டு, இதில் கர்நாடக சங்கீதம் வாசித்தே தீருவது என்று கிளம்பினார். கேலி செய்தவர்கள் பிற்பாடு டிக்கெட் வாங்கிக் கேட்டார்கள். 2008-ல் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் இவரும் சேர்ந்து ஒரு ஜாஸ் ஆல்பம் கொடுத்தார்கள். அதில் வயலின் சென்னை ஏ.கன்யாகுமரி. மிருதங்கம் பூவலூர் ஸ்ரீஜி. ஆல்பத்தின் பெயருக்கு அர்த்தம் 'உறவினர்கள்'. 2019-ல் கோபால்நாத் காலமானார். அந்த உறவு இன்னும் கேட்கக் கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெயர் போடுவது தயவு தாட்சண்யம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. சட்டமே இருக்கிறது.

1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. அதில் 38-பி என்று ஒரு பிரிவு. தான் வாசித்ததை, தான் பாடியதை 'இது நான் செய்தது' என்று அடையாளம் காட்டும்படி கேட்கக் கலைஞருக்கு உரிமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. உபயோகிக்கும் விதத்தால் பெயர் சொல்ல முடியாத இடத்துக்கு மட்டும் விலக்கு. 38-ஏ பிரிவில் காசு விஷயம். வாசித்ததை வியாபாரத்துக்கு உபயோகித்தால் கலைஞருக்கு ராயல்டி உண்டு. இந்த உரிமை 50 வருடம் நிற்கும்.

பாடகருக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வாத்தியக்காரருக்கும் சேர்த்துத்தான். தவிலுக்கும் உண்டு, பம்பைக்கும் உண்டு.

ஆனால் நடப்பது என்ன? கம்பெனியில் ஆயுத பூஜை. ஆண்டு விழா. கோயிலில் தேர்த் திருவிழா. நோட்டீஸ் அடிக்கிறார்கள். பாடகர் பெயர் உள்ளங்கை அகல எழுத்தில். கீழே பொடி எழுத்தில் 'மற்றும் குழுவினர்'. மேடையில் தவில்காரர் இரண்டு மணி நேரம் அடித்து விரல் வீங்கி இறங்குகிறார். மைக்கில் அவர் பெயரைச் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. மறுநாள் அந்த வீடியோ செல்போனில் ஊரெல்லாம் சுற்றுகிறது. அதிலும் பெயர் இல்லை.

பெயர் ஏன் முக்கியம்?

"பேர் போட்டா சோறு கிடைச்சிருமா?" என்று கேட்கலாம். கிடைக்கும்.

ஓசூரில் தயாராகும் மோட்டார் சைக்கிளில் கம்பெனி பெயர்தான் இருக்கிறது. போல்ட் முடுக்கினவர் பெயர் இல்லை. ஆனால் நிரந்தரத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் உண்டு. பி.எஃப். உண்டு. சம்பளச் சீட்டில் அவர் பெயர் உண்டு.

மேளக்காரருக்கு அது எதுவும் இல்லை. அவருக்குப் பெயர்தான் முதல். பெயர் தெரிந்தால்தான் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிடுவார்கள். பெயர் தெரிந்தால்தான் பெங்களூரில் இருந்து ஒரு ஜாஸ் குழு, "அந்தத் தவில்காரர் எங்கே இருக்கிறார்?" என்று தேடி வரும். பெயரை மறைப்பது பெட்டிக்கடைக்காரரின் கடைப் பலகையைக் கழற்றுவது போல. கடை அங்கேயேதான் இருக்கும். வாடிக்கை வராது.

பழனிவேலின் பெயரை அந்த 2001-ம் வருட ஆல்பத்தில் போடாமல் விட்டிருந்தால், பம்பாயில் தவில் ஒலித்தது என்று மட்டும் தெரிந்திருக்கும். யார் தவில் என்று தெரிந்திருக்காது.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு ஒன்றும் இல்லை.

விழா நடத்துகிறவர்கள் நோட்டீசில் வாசிப்பவர் ஒவ்வொருவர் பெயரையும் வாத்தியத்தோடு போடட்டும். பத்துப் பேர் என்றால் நாலு வரி. அச்சகத்தில் அதற்குத் தனிக் கூலி கேட்க மாட்டார்கள்.

மேடையில் ஒரு நிமிடம் ஒதுக்கி எல்லோர் பெயரையும் மைக்கில் சொல்லட்டும். ஜாஸ் மேடையில் இது வழக்கம். ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் தலைவர் அவர் பெயரைச் சொல்வார். சபை கை தட்டும்.

வீடியோ எடுத்து வெளியிடுகிறவர்கள் முதலில் கேட்கட்டும். பிறகு பெயர் எழுதட்டும். காசு வந்தால் பங்கு கொடுக்கட்டும்.

பெங்களூரில் இருந்து ஃப்யூஷன் குழுவை வரவழைக்கிற கம்பெனிகள் இன்னொன்றும் செய்யலாம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து நாகசுரம், தவில், பம்பைக் கலைஞர்களில் இரண்டு பேரையாவது அந்த மேடையில் சேர்க்கலாம். விழா அன்று மாலை கூப்பிட்டு மூலையில் நிற்க வைத்தால் பிரயோசனம் இல்லை. முதல் நாளே கூப்பிட்டு, ஒத்திகைக்கு உட்காரவைத்து, சரிசமமாகக் காசு பேசினால் அது கூட்டு. இல்லாவிட்டால் அலங்காரம்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பஸ்சில் பாட்டுக் கேட்கும்போது ஒரு நாள் அந்தத் திரையைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். யார் வாசித்தது என்று சில பாட்டுகளில் போட்டிருக்கும். பல பாட்டுகளில் இருக்காது. இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

ஓசூரில் ஒரே டீக்கடை பெஞ்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் உட்கார்ந்து டீ குடிக்கின்றன. யாரும் யாரையும் 'மற்றும் குழுவினர்' என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

டீக்கடையில் இருக்கிற இந்த மரியாதை மேடைக்கும் வரவேண்டும்.